இரண்டாய்க் கிடந்த படகெலும்பு

எலும்பு மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லித்தரப் பாடம் எதுவும் என்னிடம் மிச்சமில்லை. பாடமெல்லாம் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது; எனக்குத் தெரிந்ததைவிடத் திருத்தமாகவும் இருக்கிறது. என்னிடம் இருப்பதெல்லாம் பணி ஓய்வுக்குப் பிறகு பழகிப்போன பகல் தூக்கமும், அதில் மிதந்து வரும் சில படங்களும்தான். மற்றவர்களுக்குக் கனவில் ஊரும் உறவும் வரும். எனக்கு மணிக்கட்டுகள் வருகின்றன. இருட்டுத் தண்ணீருக்கு அடியில் வெள்ளைக் கூழாங்கற்கள் கிடப்பதைப் போல எட்டுச் சின்ன எலும்புகள் மெல்ல மேலே வரும். யாருடைய கை என்று யோசிப்பதற்குள் கலைந்துவிடும். தூக்கத்தில் நான் விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணுகிறேன் என்று என் மனைவி கேலி செய்கிறாள்.

வேலையில் இருந்த காலத்திலும் நான் கொஞ்சம் அப்படித்தான். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு அதன் முன்னால் நின்றேன் என்றால், நின்றபடியே எங்கோ போய்விடுவேன். எக்ஸ்ரே எடுக்கும் சலீம் பாய் வரிசையில் நிற்பவர்களிடம், “டாக்டர் ஊருக்குப் போயிட்டாருங்க, வர நேரமாவும், உக்காருங்க” என்பார். எனக்கும் காதில் விழும். கோபம் வராது. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் நிற்கும் சுகம் அப்படி.

மணிக்கட்டு பொல்லாதது. தொடையெலும்பு உடைந்தால் ஊருக்கே தெரியும். மணிக்கட்டில் இருக்கும் எட்டும் அமுக்குணிகள். சிலருக்கு அதில் இரண்டு பிறவியிலேயே ஒட்டிப் பிறந்திருக்கும். ஒட்டியிருப்பது தெரியாமலேயே அவர் உழுது, அறுத்து, பேரன் பேத்தி எடுத்துப் போய்ச் சேர்ந்துவிடுவார். சிலருக்குப் புறங்கையில் உபரியாக ஒரு எலும்பு மேடு இருக்கும். அதை நீர்க்கட்டி என்று நினைத்து, செம்புக் காசை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். எலும்பு காசுக்குக் கரையுமா? தோல்தான் புண்ணாகியிருக்கும். தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்களுக்குப் பரோட்டா போட்ட மாஸ்டர் ஒருவர் என்னிடம் வந்தார். மணிக்கட்டின் நடுவில் வலி, பிடியில் பலமில்லை. “மாவு பெசையற வலிங்க சார், ரெண்டு நாளு லீவு போட்டா போயிடும்” என்று அவரே மருத்துவமும் சொன்னார். முதல் படத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சில மாதம் கழித்து எடுத்த படத்தில், நடுவில் இருக்கும் பிறையெலும்பு மட்டும் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. உயிரோடு இருக்கும் மனிதனுக்குள், ரத்தம் போகாமல் ஒரு எலும்பு மட்டும் செத்துக்கொண்டிருந்தது. இது தொழில் வலிதான் என்று நோயாளியே சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள்.

என் ஆசிரியர் ஒருவர் இருந்தார். கடுகடுத்த ஆள், ஆனால் கைராசிக்காரர். அவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: “அபூர்வமான நோயைக் கண்டுபிடிச்சதும் உனக்குள்ள ஒரு சந்தோஷம் வரும் பார், அது வந்த உடனே எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணி குடி. குடிச்சிட்டு வந்து எழுது.” வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். எதற்குத் தண்ணீர் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனி நதியாவின் கதைக்கு வருகிறேன். அரூர் வட்டாரத்தில் நான் வேலை பார்த்த ஒரு அரசு மருத்துவமனையில், ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. புளி உலுக்கும் பருவம். வெயில் ஏறினால் ஊரே அரைக்கண் மூடிக் கிடக்கும். வெளிநோயாளிக் கூட்டம் கலைந்த மதியத்தில் மாதம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தீர்த்தமலைக்குப் போகும் வழியில் ஒரு கிராமம். கொஞ்சம் நிலமும் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி வெள்ளாமையும் உள்ள குடும்பம். மகள் நதியா காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. ஓட்டத்திலும் தாண்டுவதிலும் அவளுக்குப் பயமில்லை. குண்டு எறிந்து பழகியபோதுதான் வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்திருக்கிறது.

முந்தைய நாள் எங்கள் மருத்துவமனையிலேயே, பணியில் சேர்ந்து சில மாதமே ஆன இளம் டாக்டர் ஒருவர் அவளைப் பார்த்திருந்தார். பெருவிரல் அடியில் விழும் குழியில் அழுத்தினால் வலி, படத்தில், அந்த எட்டில் ஒன்றான படகெலும்பு இரண்டு துண்டு. ஸ்காஃபாய்ட், அதாவது படகெலும்பு முறிவு என்று எழுதி, மாவுக்கட்டுத் தாங்கு வைத்து, ஆபரேஷன் தேவைப்படலாம் என்று என்னிடம் அனுப்பியிருந்தார்.

“பயிற்சி குடுக்கற மாஸ்டரு டாக்டர் சீட்டு இல்லாம குண்டைத் தொடவே கூடாதுன்னுட்டாருங்க. இந்த வருஷத்தோட இவளுக்கு வயசு முடியுதுங்க சார். இதை வுட்டா அப்பறம் கெடையாது” என்றார் மாதம்மா. நதியா தாங்கில் கிடந்த கையை இன்னொருவர் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படத்தை மாட்டினேன். படகெலும்பு தன் குறுகிய நடுப்பகுதியில் பிரிந்து இரண்டாய்க் கிடந்தது. ஆனால் புது முறிவின் கூர்மை இல்லை. இரண்டு ஓரமும் வழவழவென்று, ஆற்றில் உருண்ட கல் போல இருந்தன. நான் வழக்கம்போல ஊருக்குப் போய்விட்டேன். படகெலும்பு பிறவியிலேயே இரண்டாக இருப்பவர்கள் உண்டு என்று படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. அது உண்மையானால் இது முறிவே அல்ல. வெறும் சுளுக்கு. அவள் குண்டு எறியலாம், காவலர் ஆகலாம்.

“இதுக்கு முன்னாடி எப்பவாவது விழுந்திருக்கியா பாப்பா?” என்று கேட்டேன்.

நதியா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். “இல்லீங்க சார். ஒரு நாளும் வுழுந்ததில்லீங்க. வூட்ல தரையில வுடாம வளத்தமுங்க.”

இன்னொரு கையையும் படம் எடுங்கள் என்று சலீம் பாயிடம் சொன்னேன். பிறவி அமைப்பு பெரும்பாலும் இரண்டு கையிலும் இருக்கும். படம் வந்தது. வலி என்பதே இல்லாத அந்த இடது கையிலும் படகெலும்பு இரண்டாய்க் கிடந்தது, அதே இடத்தில், அதே வழவழப்பில்.

அப்போது எனக்குள் வந்தது சந்தோஷம் என்று சொன்னால் போதாது. மழைக்கு முன் வரும் மண் வாசனை போல ஒன்று உடம்பெல்லாம் பரவியது. இளம் டாக்டர் தம்பி ஓடிவந்து இரண்டு படத்தையும் கைபேசியில் பிடித்தார். “சார், நான் முறிவுன்னு எழுதிட்டேனே” என்று தலையைச் சொறிந்தார். பரவாயில்லை தம்பி, வாழ்நாளில் ஒருமுறைதான் பார்ப்போம் என்றேன். பிறவி அமைப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் மாதம்மா கையெடுத்துக் கும்பிட்டார். “சாமி, தீர்த்தகிரியானே” என்று மலை இருக்கும் திசையைப் பார்த்துச் சொன்னார். தாயும் மகளும் சாப்பிட்டுவிட்டு வரட்டும், சீட்டு எழுதி வைக்கிறேன் என்று அனுப்பினேன்.

பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் ஆசிரியரின் முகம் வந்தது. சிரித்துக்கொண்டேதான் எழுந்தேன், நம்புங்கள். அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து, தண்ணீர் கேன் இருக்கும் நடைக்கூடத்துக்குப் போனேன்.

நடைக்கூடத்தில் யாருமில்லை. வெளியே புளியமரங்கள் அசையாமல் நின்றன. தூரத்தில் தீர்த்தமலை, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நீலத்தில் தெரிந்தது. பெஞ்சில் மாதம்மா தூக்குச் சட்டியைத் திறந்து புளிச்சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் டம்ளரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரமில்லாமல், பேச்சில்லாமல், கவளம் வருவதற்கு முன்பே வாய் திறந்தது. இவர் உருண்டையை வாயில் வைத்துவிட்டுக் கட்டைவிரலால் உதட்டோரத்தைத் துடைத்தார். அவள் கண்ணை மூடி மென்றாள். வளர்ந்த பெண், நாளைக்குக் காக்கி உடுத்தப் போகிறவள். கட்டுப் போட்டது ஒரு கைக்குத்தான். இன்னொரு கை சும்மா மடியில் கிடந்தது, தண்ணீர்க் குப்பியைக்கூட எடுக்கவில்லை.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்தக் காட்சியின் அமைதியில் மயங்கி, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்: “இப்படி ஊட்டி எவ்வளவு நாளாச்சும்மா?”

மாதம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். “எட்டாவது படிக்கறப்ப ஊட்டுனதுங்க சார். அப்ப ரெண்டு மாசத்துக்குச் சோறும் நாந்தான், தண்ணியும் நாந்தான், தலை வாரறதும் நாந்தான். குளிக்க ஊத்தறதுகூட…”

பேச்சு அங்கே நின்றுவிட்டது. கையில் இருந்த கவளம் அப்படியே இருந்தது.

“எதுக்கும்மா ரெண்டு மாசம்?”

“அம்மை போட்டிருந்துச்சுங்க.”

“அம்மை போட்டா கையில சோறு எடுத்துத் திங்க முடியாதாம்மா?”

அவர் கவளத்தைச் சட்டியிலேயே வைத்தார். நதியாதான் சொன்னாள், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு. “கெழங்கு லோடு மேல உக்காந்து வந்தனுங்க சார். டிராக்டரு வேகத்தடையில ஏறி எறங்குச்சு. ரெண்டு கையையும் ஊணி வுழுந்தேன்.”

பிறகு எல்லாம் வந்தது. இருட்டியதும் அப்பா பக்கத்து ஊர் வைத்தியரிடம் கூட்டிப்போய் இரண்டு கைக்கும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். விடிந்ததும் வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறார்கள். அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியார் வரமாட்டார்கள், எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். கட்டை அவிழ்த்து வீக்கம் வடியும்வரை வேப்பிலை மாறிக்கொண்டே இருந்தது. அம்மை இறங்கியதாக மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள், கூழ் காய்ச்சினார்கள், ஊர் கும்பிட்டுவிட்டுப் போனது. பொம்பளைப் பிள்ளைக்குக் கை ஒடிந்தது என்று ஒரு சொல் வெளியே போனால், நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார் மாதம்மா. கல்யாணத்துக்காக வாங்கிய சத்தியம், அன்றைக்கு வேலைக்காகவும் காப்பாற்றப்பட்டிருந்தது.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த வேப்பிலைக்குப் பின்னால் அவர் எத்தனை பயந்திருப்பார் என்றுதான் தோன்றியது. ஆனால் என் சந்தோஷம் முழுக்க வடிந்துவிட்டது. இரண்டு கையிலும் ஒரே நாளில் முறிந்து, ஒட்டாமலே போய், ஆண்டுக்கணக்கில் உரசி உரசி வழவழப்பான எலும்புகளை நான் பிறவி அழகு என்று ரசித்துக்கொண்டிருந்தேன். தம்பி எழுதிய முறிவுதான் சரி. புதிது என்பதில்தான் அவர் தவறியிருந்தார்.

மாதம்மா என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். “நீங்களேதான சார் பொறப்புலயே அப்படின்னு சொன்னீங்க. அதையே எழுதிடுங்க. உங்களுக்கு ஒரு எழுத்து. எம்புள்ளைக்கு அதுதாங்க வாழ்க்கை.”

தம்பியும் என்னைத் தனியே அழைத்துப் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், சிடி ஸ்கேன் எடுக்காம ரெண்டுல எதுன்னு நிச்சயமா சொல்ல முடியாதே. பிறவி அமைப்பாவும் இருக்கலாம் இல்லையா? சந்தேகத்தோட பலனை அந்தப் பொண்ணுக்குக் குடுக்கலாமே.”

நல்ல மனசுக்காரர். அவர் சொன்னதில் தர்க்கமும் இருந்தது. நீங்கள் இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும். அழுத்தம் என்பது எப்போதும் மேலிடத்திலிருந்து மிரட்டலாக வராது. பெரும்பாலும் இரக்கத்தின் முகத்தோடுதான் வரும். கையெழுத்துப் போடாமல் இருப்பது கல்நெஞ்சம் போலத் தோன்றும். எனக்கும் போட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. சந்தேகத்தின் பலன் என்பது நீதிமன்றத்தில் சரி, மணிக்கட்டில் அந்தப் பலனைச் சுமக்கப்போவது அவள்தான் என்று தம்பியிடம் சொன்னேன். தருமபுரியில் சிடி எடுக்க எழுதிக் கொடுத்தேன். சலீம் பாய் அங்கே தெரிந்தவரிடம் பேசி மறுநாளே எடுக்க ஏற்பாடு செய்தார்.

சிடியும் பழைய முறிவு என்றுதான் சொன்னது. எலும்பின் உள்ளே சின்னச் சின்னக் குழிகள், ஓரத்தில் தேய்மானம். வலது கையில் தேய்மானம் தொடங்கியிருந்தது. இடது கை இன்னும் பொறுத்துக்கொண்டிருந்தது.

நதியாவை எதிரில் உட்கார வைத்துப் பேசினேன். அம்மா சுவரோரம் நின்றார்.

“குண்டு எறிஞ்சா என்னாங்க சார் ஆவும்?”

“அன்னிக்கு ஒண்ணும் ஆகாமலே போகலாம். மாத்திரை போட்டுட்டு எறிஞ்சா ஜெயிச்சுடவும் செய்வே. ஆனா உள்ள தேஞ்சுக்கிட்டே வரும். சில வருஷத்துல பூட்டுல சாவி திருப்பறதுக்கே வலிக்கலாம். அப்ப ஆபரேஷன் பண்ணினாலும் கை முழுசா மடங்காது.”

“இப்ப பண்ணுனா?”

“இடுப்புலேருந்து துளி எலும்பு எடுத்து வெச்சு, திருகாணி போட்டுச் சேர்ப்போம். ஒட்டறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா ஒட்ட மாசக்கணக்குல ஆகும். தேர்வு போயிடும்.”

“அடுத்த தடவைக்கு எனக்கு வயசு இல்லீங்க.”

“தெரியும்மா.”

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆறுதலாகக்கூட ஒரு வார்த்தை வந்தது. சொல்லாமல் விட்டேன். அவள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“போலீசு வேலைன்னா ஒரு நாளு குண்டு எறியறது மட்டும் இல்லீங்களே சார்” என்றாள் கடைசியில். “ரிட்டயர் ஆவறவரைக்கும் இந்தக் கைதான வேணும். பண்ணிடுங்க.”

எழுந்து வெளியே போய் வரிசையில் ஆட்கள் இருக்கும்போதே பயிற்சி மாஸ்டருக்குப் போன் போட்டாள். “கை ஒடிஞ்சிருக்குதுங்க மாஸ்டர். இப்ப இல்லீங்க, எட்டாவதுலயே ஒடிஞ்சது. ரெண்டு கையும்.” அவர்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அந்த வரிசையில் இருந்தார்கள். “மெதுவா பேசு கண்ணு, மெதுவா” என்று மாதம்மா அவள் தோளைத் தொட்டார். அவள் மெதுவாகப் பேசவில்லை. மாதம்மா பிறகு கையை எடுத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடி அங்கேயே அழுதார். எனக்கும் அறைக்குள் இருந்தபடி கண் நிறைந்தது.

மணிக்கட்டின் அபூர்வங்களை நீங்கள் நிறையப் பார்ப்பீர்கள். ஒட்டிப் பிறந்தது, உபரியாய் முளைத்தது, இரண்டாய்ப் பிறந்தது எல்லாம் வரும். இரண்டு கையையும் படம் எடுங்கள், ஓரத்தைப் பாருங்கள், எல்லாம் சரி. ஆனால் விழுந்தாயா என்று கேட்டால் வீட்டு மானம் பதில் சொல்லும். எப்படிச் சாப்பிட்டாய், யார் தலை வாரினார்கள், எந்த மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேளுங்கள். அதற்குப் பொய் சொல்ல யாரும் தயாராக வந்திருக்க மாட்டார்கள்.

வலது கை ஒட்டிவிட்டது. இடது கையில் வலியில்லை. அந்தத் தம்பிதான் இப்போது ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்து வருகிறார். அந்த ஆண்டுத் தேர்வு நதியா இல்லாமல் நடந்து முடிந்தது. அவளுக்குக் காவல் துறை வேலை கிடைக்கவில்லை.

போன தை மாதத்தில் அரூர் பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டிக்காக நின்றிருந்தேன். தபால் பையோடு ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் நிறுத்தி, “சார், என்னைத் தெரியுதுங்களா?” என்றாள். முகம் தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். கோடு போலத் தழும்பு. ஊர்ப்பக்கத்துத் தபால் அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். பேச்சு ஓய்ந்த இடத்தில், இத்தனை நாள் என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“வருத்தமா இருக்குதாம்மா?”

எங்களைக் கடந்து ஒரு போலீஸ் ஜீப் போனது. அவள் அது திரும்பி மறையும்வரை பார்த்தாள்.

“இருக்குதுங்க சார்” என்றாள். “வலிதான் இல்லீங்க.”